ஈரத்துக்குக் கழித்த புள்ளிகள்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் பகுதிக்கு வேலைக்கு வந்திருக்கும் தர்ஷினி போன கிழமை தொலைபேசியில் பேசினாள். பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது காகிதம் கொண்டுபோவது நின்றுவிட்டதாம். இப்போது கையில் ஒரு டெப்லட். வீட்டார் சொல்லும் இலக்கத்தை விரலால் தொட்டால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடுகிறது. இலக்கத்துக்குக் கீழே ‘காரணம்’ என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள்.

“வேல சுருக்கா முடியுது அக்கா,” என்றாள். “ஆனா அந்த வரிக்காக நீங்க கூட்டத்துல எல்லாம் சண்ட புடிப்பீங்களாமே. அதுல அப்பிடி என்னா இருக்கு?”

போனில் சொல்ல முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழை இருந்தால் அவள் திருத்திக்கொள்ளட்டும்.

எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீடு ஒன்றில் பிறந்தேன். ஒரே இடத்தில் இருக்க எனக்கு வராது. கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தேன். கட்டுநாயக்கவில் காற்சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். லெபனானில் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஓர் அம்மாவைக் குளிப்பாட்டினேன். திரும்பி வந்து மாத்தளையில் மிளகாய் அரைக்கும் ஆலையில் நின்றேன். சம்பளம் தராத இடமும் உண்டு, கை நீட்டிய இடமும் உண்டு. அவற்றை விட்டு வந்த மாதிரியே, நன்றாக நடத்திய இடங்களையும் விட்டு வந்திருக்கிறேன். கால் சும்மா இருக்காது. கடைசியில் அந்தக் கால்தான் எனக்கு நிலையான வேலையையும் வாங்கித் தந்தது. பிள்ளைகளின் மனநலத்துக்காக மாத்தளையில் ஒரு சிறிய சேவை தொடங்கினார்கள். தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்த, பஸ் போகாத இடத்துக்கு நடந்து போகக்கூடிய ஆள் வேண்டும் என்றார்கள். நடப்பதற்குச் சம்பளம் தருகிறார்களே என்று போய்ச் சேர்ந்தேன்.

கண்டியில் பயிற்சி தந்தார்கள். சுவரில் படம் காட்டினார்கள், மத்தியானம் சோறு தந்தார்கள். அங்கே கேட்டதில் எனக்குள் தங்கியது ஒன்றுதான். பிள்ளைக்கு நாம் ஏதோ செய்தோம் என்று திருப்திப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது சுகம் கிடைத்ததா என்று அளந்து பார்க்க வேண்டும். அளப்பதற்கு எங்களுக்குத் தந்த முறை எளிது. முதல் தடவை போகும்போது, பிள்ளையிடம் என்ன மாற்றத்தைக் காண ஆசைப்படுகிறீர்கள் என்று வீட்டாரைக் கேட்போம். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுவோம். பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை போய், அந்த ஆசைக்கு எவ்வளவு கிட்ட வந்திருக்கிறீர்கள், சைபரிலிருந்து பத்துவரை ஓர் இலக்கம் சொல்லுங்கள் என்போம். பத்து என்றால் ஆசைப்பட்டது முழுதாக நடந்துவிட்டது என்று பொருள்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஸரீனா மிஸ். மாத்தளை டவுனில் மிளகு, சாதிக்காய் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். மெலிந்த உடம்பு, தாழ்ந்த குரல். வீட்டுக்குள் போனதும் காகிதத்தை எடுக்க விடமாட்டார். கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் பைக்குள் கை போக வேண்டும். எழுதியதை வீட்டாருக்கு வாசித்துக் காட்டாமல் எழுந்து வரக் கூடாது. வாசிக்கும்போது அவருடைய முகம் காகிதத்தில் இருக்காது. ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து, கேட்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வார். நாங்கள் கொண்டுவரும் தாளில் ஏதாவது சரியாகப் படாவிட்டால் ஏசமாட்டார். தாளைத் திருப்பித் தந்து, “இன்னொரு தரம் போய்ட்டு வாங்க,” என்பார். அந்த இன்னொரு தரத்துக்கு மலை ஏற வேண்டியிருக்கும். எனக்கு அது தண்டனையாகப் படவில்லை. கூட வேலை செய்தவர்களுக்குப் பட்டது.

ஆரம்பத்தில் நாலந்தாவுக்கு அப்பால் ஒரு கிராமத்து வீட்டில், தூக்கத்தில் அலறும் மகனுக்குத் தகப்பன் முதல் நாளே பத்து தந்தார். தாளைப் பார்த்த மிஸ் வழக்கம்போல் திருப்பித் தந்தார். மறுபடி போனேன், மறுபடியும் பத்துதான். கொஞ்ச நாள் கழித்துப் போனபோது அந்தத் தகப்பனே கூப்பிட்டு உட்கார வைத்து, “ரெண்டு போடுங்க,” என்றார். மூத்த மகளின் கலியாணம் முடிந்திருந்தது. பேச்சுவார்த்தை நடக்கும் நேரத்தில், வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்று காகிதத்தில் ஏறுவதற்கு அவர் விடவில்லை. தாளில் பார்த்தால் நன்றாக இருந்த பையன் திடீரென்று கெட்டுப்போன மாதிரி இருக்கும். மிஸ் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். “கலியாணம் முடிஞ்சிட்டுதுன்னு எழுத இதுல எங்க இடம் இருக்கு?” என்றார். அன்றைக்கு அதோடு விட்டுவிட்டோம்.

இனிக் கௌசியைப் பற்றிச் சொல்கிறேன்.

எல்கடுவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அத்தை வீட்டில் வளர்ந்த பிள்ளை. தகப்பன் கொழும்பில் கட்டட வேலை. தீபாவளிக்கும் மாத்தளைத் தேருக்கும் வருவார். தாய் குவைத்துக்குப் போயிருந்தாள். போன புதிதில் வெள்ளிக்கிழமைகளில் பேசுவாளாம். லயத்தில் போன் சரியாக எடுபடாது. மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஏறி நின்று, “அம்மா, கேக்குதா? அம்மா, கேக்குதா?” என்று கௌசி கத்துவதை லயம் முழுக்கக் கேட்டிருக்கிறது. பிறகு அழைப்பு நின்றுவிட்டது. இங்கிருந்து அழைத்தாலும் யாரும் எடுக்கவில்லை. அப்படியும் கொஞ்சக் காலம் வெள்ளிக்கிழமைகளில் அவள் மேட்டில் ஏறி நின்று போனுக்குள் கூப்பிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை ஏறவில்லை. அதிலிருந்து பேச்சு குறைந்து, முதலில் பள்ளிக்கூடத்திலும் பிறகு வீட்டிலும் நின்றுபோனது. தாய் உயிரோடு இருக்கிறாள், திரும்பி வரமாட்டாள் என்று குவைத்திலிருந்து ஊருக்கு வந்த ஒருத்தி சொன்னதாகப் பிற்பாடு தெரிந்தது.

அத்தையின் பெயர் ராசாத்தி. புருஷனை இழந்தவள். பிள்ளை இல்லை. கொழுந்து பறிப்பவள். என்ன மாற்றத்தைக் காண ஆசை என்று நான் கேட்டபோது, “வாயத் தொறந்து அத்தேன்னு கூப்புடணும். வேற என்னா?” என்றாள். இலக்கம் கேட்டேன். நாலு என்றாள். கூப்பிடாவிட்டாலும் சொன்னதைச் செய்கிறாள், சாப்பிடுகிறாள், ராத்திரி ஒட்டிக்கொண்டு படுக்கிறாள், அதனால் நாலு.

கிழமைக்கு ஒரு நாள் போனேன். மிஸ் சொல்லித் தந்தபடி பிள்ளையோடு உட்கார்ந்து ஊதி விளையாடினோம், முனகி விளையாடினோம், அடுப்பங்கரையில் காதுக்குள் காற்று மாதிரி சொல் சொன்னோம். பிள்ளை மாறுவதை நான் பார்த்தேன். சிரித்தாள். ஒரு நாள் என் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு என்னைத் தேடவிட்டாள். ஆனால் இலக்கம் அத்தை தர வேண்டியது. ஒவ்வொரு தடவையும் நாலு என்றாள்.

பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி ஓர் அம்மா. நல்ல மனுஷி. பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் போவதில்லை, இவ்வளவு காலமாகியும் இலக்கம் அசையவில்லை, கண்டியில் பேச்சுப் பயிற்சி தரும் ஆட்களோடு ஒரு விடுதி இருக்கிறது, அங்கே அனுப்பினால் என்ன என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதை முடிவு செய்யக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். தகப்பனும் தலையாட்டிவிட்டார்.

கூட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை ஸரீனா மிஸ் என்னோடு தோட்டத்துக்கு வந்தார். ராசாத்தி அக்காவுக்கு அன்றைக்கு அரை நாள் வேலை இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு எங்களுக்காக ஓடி வந்திருந்தாள். தேத்தண்ணி குடித்தோம். கோப்பையைக் கீழே வைத்தோம். மிஸ் தாள்களை வரிசையாக மடியில் வைத்துக்கொண்டு வாசித்தார்.

“முதல் தரம் நாலு. பிறகு நாலு. அதுக்குப் பிறகும் நாலு. போன தரமும் நாலு. சரிதானே?”

“சரிதான் மிஸ்.” கணக்கு ஒத்துப்போன சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

“அப்ப பிள்ளையில ஒண்ணும் மாறல்ல.”

ராசாத்தி அக்கா நிமிர்ந்தாள். “யாரு சொன்னா மாறலன்னு?”

“நீங்கதான். நாலு நாலாவே நிக்குதே.”

“அது கழிச்சதுக்குப் பொறகு மிஸ்.”

“என்னத்தக் கழிச்சதுக்குப் பிறகு?”

“ஈரத்துக்கு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான், ஆனால் கொழுந்து பறித்தவள் அல்ல. அவள்தான் பொறுமையாகச் சொன்னாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு காட்டுவதை யாரும் முழுதாக எழுதுவதில்லை. சாக்குக்கு, தண்ணீருக்கு என்று கழிப்பார்கள். வெயில் நாளில் கொஞ்சம். மழை பெய்து கொழுந்து நிறைய வந்த நாளில் நிறைய. ஏன் இவ்வளவு என்று கேட்டால் வாய்க்காரி என்று பெயர் வரும். காகிதத்தோடு வருகிறவர்கள் எல்லோரும் கழிக்கத்தான் போகிறார்கள்; அவர்கள் கழித்துச் சண்டை வருவதைவிட நாமே கழித்துச் சொல்லிவிடுவது மேல்.

“மொதல்ல நாலுதான் இருந்துச்சு,” என்றாள். “அப்ப கழிக்கல. கழிக்க என்னா இருந்துச்சு? பொறகு அஞ்சாச்சு, ஒண்ணு கழிச்சேன். ஆறாச்சு, ரெண்டு கழிச்சேன். இப்ப எட்டு இருக்கும். கொழுந்து கூடக் கூட கழிவும் கூடும்ல?”

மிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிய அவருடைய கண் கலங்கியிருந்தது. “எங்க வாப்பா மிளகு வாங்குறவர்,” என்றார். “மழ நாள்ல மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாத்தே கழிப்பார். நான் பக்கத்துல நின்டு பாத்திருக்கேன்.”

“அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சதுதானே.”

பிறகு மிஸ் விடுதி விஷயத்தைச் சொன்னார். கூட்டம் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அந்த நாலை வைத்துத்தான் பிள்ளையை அனுப்பப் பார்க்கிறார்கள் என்பது தெரியாது. ராசாத்தி அக்கா மிஸ்ஸின் மடியில் இருந்த தாளை விரலால் தொட்டாள்.

“அப்ப எட்டுன்னு போடுங்க மிஸ்.”

மிஸ் பேனாவை மூடினார். “இப்ப போட ஏலாது.”

“ஏன்?”

“இப்ப நீங்க பிள்ளைய விட மனசில்லாம சொல்றீங்க. அது நியாயம். ஆனா அளவு இல்ல.”

“நாலுன்னா எழுதுறீங்க. எட்டுன்னா எழுத மாட்டீங்க.” அவள் எழுந்து, கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டினாள். “மடுவமே பரவாயில்ல,” என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டாள்.

எனக்கும் மிஸ்மேல் கோபம் வந்தது. எழுந்து வாசல் இஸ்தோப்புக்கு வந்துவிட்டேன். அப்போது கௌசி உள்ளேயிருந்து ஒரு போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் லயத்துப் பிள்ளைகள் பத்து மணித் தேத்தண்ணியை மலைக்குக் கொண்டுபோவது வழக்கம். மிஸ் அவளைப் பார்த்து, “நாங்களும் வரட்டா?” என்றார். கௌசி தலையாட்டினாள்.

மலைக்கு அடியில் ஒரு வாய்க்கால், அதன்மேல் கல் பாலம். முன்னால் போன பிள்ளைகள் பாலத்தில் நின்று, “அம்மா, தேத்தண்ணி!” என்று கூப்பிட்டார்கள். மேலே தேயிலை நிரைகளுக்குள்ளிருந்து ஒவ்வொருத்தியாகக் குரல் கொடுத்தாள். எந்தக் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ, அந்தப் பக்கம் பிள்ளை ஏறிப் போனது. கௌசி கூப்பிடவில்லை. போத்தலை மூடியால் தட்டினாள். டக், டக், டக். மேலே ஒரு தலை நிமிர்ந்தது. ராசாத்தி அக்கா கை காட்டினாள். எங்களைக் கண்டதும் கையை இறக்கிக்கொண்டாள்.

மிஸ் சப்பாத்தோடு மலை ஏறினார். பக்கத்து நிரையில் மேரி என்று ஒருத்தி, வாய் மூடாதவள். மிஸ்ஸின் காலைப் பார்த்து, “அட்ட கடிக்குது மிஸ். கவர்மெண்டு ரத்தம் அதுக்குப் புதுசு,” என்றாள். மிஸ் அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு அங்கேயே நின்று மேரியிடம் கேட்டார், கௌசி தேத்தண்ணி கொண்டுவரும் விதத்தைப் பற்றி. இலக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“முந்தியா?” என்றாள் மேரி. “முந்தி நிர நிரயா ஏறி, ஒவ்வொருத்தி மூஞ்சியா பாத்துத் தேடிக்கிட்டு வருவா. வந்து பின்னால நின்னு கூடக் கயித்தப் புடிச்சு இழுப்பா. ராசாத்தி ஒரு நா அப்பிடியே சாஞ்சு வுழுந்தா, கூடையோட. பொறகு பாதி மலையில நின்னு கை தட்டுனா. இப்ப தொரசாணி மாதிரி பாலத்துலயே நின்னுக்கிட்டு போத்தலத் தட்டுறா. இவ இங்கருந்து ஓடணும்.”

மற்றப் பெண்களும் அதையே சொன்னார்கள். கூடைக் கயிற்றிலிருந்து பாதி மலை, பாதி மலையிலிருந்து பாலம். மிஸ் திரும்பிப் பாலம்வரை இறங்கிப் போனார். அங்கே கௌசியின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். அத்தையின் ஆசையைக் கேட்டு எழுதினோம், உன்னுடைய ஆசையைக் கேட்கவே இல்லை என்றார். போத்தலைத் தட்டுவதற்குப் பதிலாக என்ன செய்ய ஆசை என்று கேட்டார். கௌசி, முன்னால் கூப்பிட்டுவிட்டுப் போன பிள்ளைகள் நின்ற இடத்தை விரலால் காட்டினாள். மிஸ் எழுதி, முகத்தைப் பார்த்து வாசித்தார்: “இங்க நின்டு கூப்பிடணும்.” பிள்ளை தலையாட்டினாள்.

கூட்டத்தில் மிஸ் நாலை மாற்றவில்லை. நாலு நாலுகளையும் அப்படியே வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே கையால் ஒரு கோடு போட்டு, அந்த நாலு எப்படி வந்தது என்று எழுதியிருந்தார். மலையில் பெண்கள் சொன்னதையும் அவர்கள் சொல்லிலேயே எழுதியிருந்தார். இரண்டில் எதை நம்புவது என்று அதிகாரி அம்மா கேட்டார். “நாலையே நம்புங்க,” என்றார் மிஸ். “அது ஏன் நாலுன்னும் சேத்துப் பாருங்க.” எட்டு என்று திருத்திக்கொண்டு வந்திருந்தால் தான் நம்பியிருக்க மாட்டேன் என்று அந்த அம்மா பிற்பாடு என்னிடம் சொன்னார். பள்ளிக்கூடத் தவணை முடியும்வரை பார்ப்போம், அதற்குள் பிள்ளை நாலு பேருக்குக் கேட்கக் குரல் எழுப்பாவிட்டால் கண்டிக்கு அனுப்புவோம் என்று முடிவாயிற்று. காரணம் எழுதும் வரி எங்கள் தாள்களில் வந்தது அந்தக் கோட்டிலிருந்துதான்.

அந்தத் தவணை முழுக்க நான் நடந்தேன். அடுப்பங்கரையில் காற்றாக இருந்த சொல்லில் கொஞ்சம் சத்தம் சேர்ந்தது. காதுக்குக் கிட்டப் போனால் “அத்தே” என்பது கேட்கும். ஓரடி தள்ளினால் கேட்காது. மலையில் போத்தல் சத்தம்தான். ராசாத்தி அக்கா விடுதிக்குத் தேவைப்படும் என்று ஒரு துணிப்பையை வாங்கி ஆணியில் மாட்டியிருந்தாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

தவணையின் கடைசிச் சனிக்கிழமை நான் மலையில் அவளுடைய நிரையில் நின்றுகொண்டிருந்தேன். மேரி, கங்காணி புதிதாக வாங்கிய குடையைப் பற்றி ஏதோ நையாண்டி பண்ணிக்கொண்டிருந்தாள். பத்து மணியாயிற்று. கீழே பிள்ளைகள் கூப்பிட்டு, மேலே ஏறத் தொடங்கிவிட்டார்கள். போத்தல் சத்தம் வரவில்லை. ராசாத்தி அக்காவின் கை பறித்தபடியே இருந்தது, காது மட்டும் கீழே இருந்தது.

“அத்தே.”

பெரிய சத்தம் இல்லை. ஆனால் பாலத்திலிருந்து வந்தது. மேரி பாதிப் பேச்சில் நின்றாள். நிரையில் ஒவ்வொரு கையாக நின்றது. எல்லோரும் ராசாத்தியைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள். அப்போதும் வரவில்லை.

நான் பதில் கொடுக்கப் போனேன். மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ சொல்லாத. ஒன்னையா கூப்புட்டா?”

தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராமல் வாயை மூடிய பிள்ளை. இன்றைக்கு வாய் திறந்திருக்கிறாள், இன்றைக்கும் பதில் இல்லை. தேயிலைக்கு மேலால் பாலம் தெரிந்தது. போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்து நின்றாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அல்லது போத்தலைத் தட்டுவாள்.

“அத்தே! தேத்தண்ணி ஆறுது!”

இந்தத் தடவை கோபமாகவே கூப்பிட்டாள். ராசாத்தி அக்கா கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு நிரைக்குக் குறுக்கே இறங்கி ஓடினாள். செடி முறிகிறது என்று கங்காணி கத்தினார். “செடி மொளைக்கும். நீங்க கொடயப் புடிங்க,” என்றாள் மேரி. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

சாயங்காலம் லயத்தில் தேத்தண்ணி குடித்துக் கோப்பையைக் கீழே வைத்த பிறகு தாளை எடுத்தேன். இலக்கம் கேட்டேன். “ஒம்பது போடு தங்கச்சி,” என்றாள் ராசாத்தி அக்கா. மிச்சம் ஒன்று ஈரத்துக்கா என்று கேட்டேன். “இல்ல. கண்ணு பட்ருமுல்ல,” என்றாள். ஒன்பது போட்டேன். ஆணியில் மாட்டியிருந்த பையில் அப்போது வெங்காயம் இருந்தது.

கூட்டத்தில் ஒன்பதை எல்லோரும் பார்த்தார்கள். நாலிலிருந்து ஒரேயடியாக ஒன்பதா என்று யாரோ கேட்டார்கள். அதிகாரி அம்மா ஒன்பதுக்குக் கீழே இருந்த வரியை வாசித்தார். இன்னொரு தடவை, மெதுவாக, சத்தமாக வாசித்தார். பிறகு கண்டி விடுதிக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, பிள்ளை அத்தையோடேயே இருக்கட்டும் என்றார்.

அந்த வரியை எழுதியது நான்தான். பாதியில் விட்ட படிப்பை வைத்துக்கொண்டு என்னால் எழுத முடிந்தது அவ்வளவுதான்: பதில் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.